1,62,000 கிலோமீட்டருக்குப் பின்: லே ராலியில் எங்கள் டீசல் வண்டி

2016-இல் வாங்கிய எங்கள் நான்கு சக்கர இயக்க டீசல் வண்டி, இந்த மாதம் 1,62,000 கிலோமீட்டரைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி கோவைக்கும் வால்பாறைக்கும் இடையே ஓடியதுதான் என்றாலும், இதன் பலமும் பலவீனமும் எனக்குப் புலப்பட்டது 2022 செப்டம்பரில், என் மனைவி நேவிகேட்டராக அமர, மணாலியிலிருந்து லே வரை ஓட்டிய ஒரு டி.எஸ்.டி. (நேரம்-வேகம்-தூரம்) ராலியில்தான்.

இவ்வகை ராலியில் முந்திச் செல்பவருக்குப் பரிசில்லை. எந்தப் பகுதியை எந்தச் சராசரி வேகத்தில் கடக்க வேண்டும் என்று ரோடு புக் எனும் வழிக்குறிப்புப் புத்தகம் சொல்லும். முன்கூட்டி வந்தாலும் தாமதித்தாலும் அபராதம் வினாடிக் கணக்கில் ஏறும். ஆகவே சக்கரச் சுழற்சியை எண்ணித் தூரம் காட்டும் டிரிப் மீட்டரும், அதை நொடிக்கு நொடி சரிபார்க்கும் நேவிகேட்டரும் எஞ்சினுக்குச் சமமான உறுப்புகள்.

முதல் கோளாறைக் கண்டுபிடித்ததும் அந்த மீட்டர்தான். கேலாங்கைக் கடந்து சுமார் 15 கிலோமீட்டர் போயிருப்போம். "ஏங்க, மீட்டர் கூடக் காட்டுதுங்க" என்றார் மனைவி. ரோடு புக்கில் குறித்திருந்த பாலம் வருவதற்கு முன்பே மீட்டர் 120 மீட்டர் அதிகம் ஓடியிருந்தது. மணிக்கு 36 கிலோமீட்டர் சராசரி என்றால் வினாடிக்கு 10 மீட்டர். அதாவது 12 வினாடிப் பிழை. புத்தகத்தைத் தவறாகப் படித்திருப்பார் என்று நான் வாதாடினேன், அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இறங்கிப் பார்த்தால், மீட்டரின் சென்சார் பொருத்தியிருந்த முன் இடது சக்கரத்தின் டயரில் ஒரு ஆணி. காற்று மெல்ல இறங்கி 32-லிருந்து 22-க்கு வந்திருந்தது. டயர் சற்று அமுங்கியதால் அதே தூரத்துக்குச் சக்கரம் கூடுதலாகச் சுழன்றிருக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கைக்கு எதுவும் தெரியவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கோளாறு இதைவிடத் தந்திரமானது. சர்ச்சுவுக்கு அப்பால் காட்டா லூப்ஸ் என்ற 21 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது பிக்கப் வெகுவாகக் குறைந்தது, இரண்டாம் கியரிலும் வண்டி திணறியது, பின்னால் கரும்புகை. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் அறுபது விழுக்காடு கூட இராது என்பதால், எஞ்சினுக்கும் மூச்சு வாங்குகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் பிரஷர் குக்கர் விசில் வருவதற்கு முன் கேட்பது போன்ற ஒரு சீற்றம் வருவதையும், டீசல் முள் வழக்கத்தைவிட வேகமாக இறங்குவதையும் மனைவி குறித்துவைத்திருந்தார். தாண்டி என்ற ஊரில் டீசல் நிரப்பும்போதே, அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்ற பலகையைப் பார்த்திருந்ததால், முள்ளின் மீது அவருக்கு ஒரு கண்.

வளைவு ஒன்றின் அகலமான ஓரத்தில் நிறுத்திப் பானட்டைத் திறந்தோம். டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில், கிளிப்பை ஒட்டி, விரல் கணு நீளத்துக்கு ஒரு கிழிசல். அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பிக் கறுத்திருந்தது. டர்போ அழுத்தித் தரும் காற்றில் ஒரு பங்கு அங்கேயே வெளியேறிவிட, முழுக் காற்றும் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கிட்டு இறங்கிய டீசல் எரியாமல் புகையாகியிருக்கிறது. மலையின் மீது பழியைப் போட்டுவிட்டு இப்படியே ஓட்டியிருந்தால் டர்போவும் போயிருக்கக்கூடும். அவ்வழியே வந்த ஒரு லாரி ஓட்டுநர், கேட்பதற்கு முன்பே பழைய டியூப் ஒன்றை எடுத்து நீட்டினார். அதைப் பட்டையாக அறுத்து, இழுத்துச் சுற்றி, மேலே இரண்டு கிளிப் போட்டு இறுக்கினோம். நாற்பது நிமிடம் போயிற்று; அன்றைய புள்ளிகளும் போயின. அந்தக் கட்டு 5,000 மீட்டரைத் தாண்டிய கணவாய்களிலும் பிரியாமல் எங்களை லே வரை கொண்டுசேர்த்தது.

கிளம்புமுன் சர்வீஸ் செய்தபோது ஆயில், பில்டர், பிரேக் பேட் அனைத்தையும் மாற்றிய நான், ஆறு வயதான ஹோஸைக் கையால் அழுத்திக்கூடப் பார்க்கவில்லை. வெளிப்பார்வைக்கு அது பளபளவென்றுதான் இருந்தது. ரப்பர் விறைத்திருக்கிறதா என்பது விரலுக்குத்தான் தெரியும்.

ராலிக்குப் பிறகு ஓடிய தூரத்தில் முன் ஷாக் அப்சார்பர்கள் இரண்டையும் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்களையும் மாற்ற நேர்ந்தது. அந்தச் சாலையில் வாங்கிய அடிக்கு இது எதிர்பார்த்ததே. கிளட்ச் இன்னும் பழையதுதான். எஞ்சினை இதுவரை பிரிக்கவில்லை; ஊர்ச் சாலையில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தருகிறது. புது ஹோஸையும் சென்ற மாதம் பானட்டைத் திறந்து அழுத்திப் பார்த்தேன். கிளிப் ஓரத்தில் லேசாக விறைக்கத் தொடங்கியிருக்கிறது, மாற்றச் சொல்லிவிட்டேன்.