பை 5-ஆ, ஓரின் நானோவா: ரோபோவுக்குக் கண் வைக்கும் முன்

ரோபோவுக்குப் பார்வை கொடுக்க இறங்குபவர்கள் முதலில் கேட்பது 'எந்த போர்டு வாங்கலாம்?' என்பதைத்தான். போர்டு என்பது ரோபோவின் மூளையாகும் சின்னக் கணினி; இங்கே பேசுவது ராஸ்பெர்ரி பை 5, என்விடியா ஜெட்சன் ஓரின் நானோ இரண்டையும். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் கேமரா, அடுத்து மின்சாரம், கடைசியில்தான் போர்டு. இழுபட்டு வரும் படத்தை எந்த சிப்பும் கூர்மையாக்கித் தராது. மோட்டார் உதறும் ஒவ்வொரு முறையும் அணைந்து எழும் போர்டில் எத்தனை கோர் இருந்தும் பயனில்லை.

ரோலிங் ஷட்டரா, குளோபல் ஷட்டரா?

ரோலிங் ஷட்டர் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் பதிகிறது. குளோபல் ஷட்டர் எல்லா பிக்சலையும் ஒரே கணத்தில் பிடிக்கிறது. நின்றுகொண்டே பார்க்கும் ரோபோவுக்கு இரண்டும் ஒன்றுதான். திரும்பிக்கொண்டே பார்க்க வேண்டுமென்றால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

படம் 1280 × 800, கிடைமட்டப் பார்வைக் கோணம் 70 டிகிரி என்றால் பிக்சல் கணக்கில் குவியத் தூரம் (லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையிலான தூரம்) சுமார் 914 பிக்சல். ரோபோ நொடிக்கு 180 டிகிரி சுழன்றால், படத்தின் நடுப்பகுதி நொடிக்குச் சுமார் 2,870 பிக்சல் ஓடும். முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே 20 மில்லிசெகண்ட் கடந்தால், மேலுக்கும் கீழுக்கும் 57 பிக்சல் சாய்வு விழும். 3 மீட்டர் தூரத்தில் இருக்கும் 16.5 செ.மீ. ஏப்ரல்டேக் அட்டை (ரோபோ தன் இடத்தை அறியப் பார்க்கும் கறுப்பு வெள்ளைக் கட்டக் குறி) இந்தப் படத்தில் 50 பிக்சல்தான் இருக்கும். அதன் ஒரு கட்டம் 6 பிக்சல். அந்த அட்டைக்குள் மட்டும் 3 முதல் 4 பிக்சல் சாய்வு வந்துவிடும், அதாவது அரைக் கட்டத்துக்கு மேல். மென்பொருள் அட்டையைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் அது சொல்லும் தூரமும் கோணமும் தவறாக இருக்கும். கண்டுபிடிக்காமல் விடுவதைவிட இது ஆபத்து, ஏனென்றால் ரோபோ அதை நம்பி நகரும்.

குளோபல் ஷட்டர் வாங்கிவிட்டால் போதும் என்றும் இருந்துவிடக் கூடாது. அது சாய்வைத்தான் நீக்கும், இழுபடலை அல்ல. அதே சுழற்சியில் எக்ஸ்போஷர் (சென்சார் ஒளி வாங்கும் நேரம்) 10 மில்லிசெகண்ட் என்றால் 29 பிக்சல் இழுபடும். 1 மில்லிசெகண்ட் என்றால் 3 பிக்சல். ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்து 1 அல்லது 2 மில்லிசெகண்டில் நிறுத்துங்கள். லினக்ஸில் யுஎஸ்பி கேமராவுக்கான இந்த எண் 100 மைக்ரோசெகண்ட் அலகில் இருக்கும், எனவே 1 மில்லிசெகண்டுக்கு 10 கொடுக்க வேண்டும். படம் இருண்டால் கெயினை (சென்சார் சிக்னலைப் பெருக்கும் அளவை) ஏற்றுங்கள், அதுவும் போதாவிட்டால் கேமராவுக்குப் பக்கத்தில் எல்இடி வையுங்கள். புள்ளிப்புள்ளியான படத்தில் அட்டையைப் படிக்க முடியும், இழுபட்ட படத்தில் முடியாது.

அட்டைகளை மட்டும் படிக்க வேண்டுமென்றால் ஓவி9281 சென்சார் போதும்: கறுப்பு வெள்ளை, 1280 × 800, குளோபல் ஷட்டர். நிறமும் வேண்டும், வேகமும் வேண்டும் என்றால் ஐஎம்எக்ஸ்296 வைத்த ராஸ்பெர்ரி பை குளோபல் ஷட்டர் கேமரா: 1456 × 1088, நொடிக்கு 60 படம். அதில் தனி லென்ஸ் மாட்ட வேண்டும், லென்ஸ் கனமானது. பூட்டுத் திருகை இறுக்காவிட்டால் அதிர்வில் ஃபோகஸ் நகர்ந்துவிடும். 12 மெகாபிக்சல் கேமரா மாட்யூல் 3 ரோலிங் ஷட்டர்தான். மெதுவாக ஊரும் ரோபோ பொருள்களை அடையாளம் காண அது நல்ல தேர்வு. ஆட்டோஃபோகஸை மட்டும் ஒரே நிலையில் பூட்டிவிடுங்கள். லென்ஸ் நகர்ந்தால் செய்து வைத்த கேலிப்ரேஷன் (லென்ஸின் அளவுகளை முன்கூட்டியே கணித்து வைத்தது) வீணாகிவிடும்.

யுஎஸ்பியா, சிஎஸ்ஐயா?

1280 × 800 கறுப்பு வெள்ளைப் படத்தைச் சுருக்காமல் நொடிக்கு 120 முறை அனுப்ப 983 மெகாபிட் வேண்டும். யுஎஸ்பி 2.0-வின் மொத்தக் கொள்ளளவே 480. அதனால்தான் வேகமான யுஎஸ்பி 2.0 கேமராக்கள் எம்ஜேபெக்காக, அதாவது ஒவ்வொரு படத்தையும் ஜேபெக்காக, சுருக்கி அனுப்புகின்றன, அதை விரிக்கும் வேலை சிபியு தலையில் விழுகிறது. இரண்டு கேமராவை ஒரே ஹப்பில் செருகினால் இரண்டாவது திறக்காமல் 'இடம் இல்லை' என்று பிழை காட்டும். அது டிஸ்க் நிறைந்ததால் அல்ல. முதல் கேமரா யுஎஸ்பி அலைவரிசையை முன்பதிவு செய்துகொண்டதால் வருவது. இரண்டையும் எம்ஜேபெக்குக்கு மாற்றுங்கள், தனித்தனி போர்ட்டில் செருகுங்கள். ஒரே மாடல் கேமரா இரண்டு இருந்தால் ரீபூட்டுக்குப் பிறகு எண்கள் இடம் மாறலாம், அதனால் எண்ணை நம்பாமல் செருகிய போர்ட்டின் பாதையை வைத்து அடையாளம் காணுங்கள்.

சிஎஸ்ஐயில், அதாவது போர்டிலுள்ள கேமராவுக்கான தனி இணைப்பில், படம் சுருக்கப்படாமல், குறைந்த தாமதத்தில் வரும். பலவீனம் ரிப்பன் கேபிளில். பை 4-இல் 15 பின், பை 5-இலும் ஓரின் நானோ கிட்டிலும் 22 பின் என்பதால் பழைய கேபிள் பொருந்தாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் செருக வேண்டும். மோட்டார் வயரோடு சேர்த்துக் கட்டினால் படங்கள் விடுபடும். கேபிள் பொருந்திவிட்டது என்பதற்காகக் கேமரா ஓடும் என்றும் இல்லை: ஜெட்சனில் ஐஎம்எக்ஸ்219 நேரடியாக ஓடும், மற்ற பல சென்சார்களுக்கு ஜெட்பேக் (ஜெட்சனின் மென்பொருள் தொகுப்பு) பதிப்புக்கு ஏற்ற டிரைவர் வேண்டும். பை 5-இல் ஓப்பன்சிவி என்ற பட நூலகத்தில் வெறும் கேமரா எண்ணைக் கொடுத்தால் சிஎஸ்ஐ திறக்காது. பைகேமரா2 நூலகம் வழியாக எடுக்க வேண்டும். கேமரா போர்டிலிருந்து அரை மீட்டர் தள்ளி, கையில் அல்லது கழுத்தில் உட்கார வேண்டுமென்றால் யுஎஸ்பியே மேல்.

மின்சாரம்

தோல்விகளில் பெரும்பங்கு இங்கேதான். பை 5-க்கு 5 வோல்ட், 5 ஆம்பியர் வேண்டும், 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் குறைமின்னழுத்த எச்சரிக்கை வரும். பேட்டரியிலிருந்து பக் கன்வர்ட்டர் (மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் சர்க்யூட்) வைத்து 22 கேஜ் வயரில் அரை மீட்டர் கொண்டுபோனால், போக வர ஒரு மீட்டர் வயர். 5 ஆம்பியரில் அதிலேயே சுமார் 0.27 வோல்ட் தொலையும். 18 கேஜில் 0.1 வோல்ட்தான். கன்வர்ட்டரை 5.1 வோல்ட்டில் வையுங்கள், அளவை போர்டு முனையில், லோடு ஓடும்போது எடுங்கள்.

இன்னொரு பொறி: 5 ஆம்பியர் கொடுக்க முடியும் என்று சப்ளை யுஎஸ்பி பிடி (சப்ளையும் போர்டும் மின் அளவைப் பேசி முடிவு செய்யும் முறை) வழியாகச் சொல்லாவிட்டால், பை 5 தன் யுஎஸ்பி போர்ட்டுகளுக்கு மொத்தம் 600 மில்லிஆம்பியர்தான் விடும். சாதாரண பக் கன்வர்ட்டர் அதைச் சொல்லாது. இரண்டு கேமராவும் எல்இடியும் அதில் தள்ளாடும். கன்வர்ட்டர் உண்மையிலேயே 5 ஆம்பியர் தாங்கினால் மட்டும் கான்ஃபிக் கோப்பில் யுஎஸ்பி வரம்பை 1.6 ஆம்பியராக உயர்த்துங்கள்.

ஓரின் நானோ கிட் 9 முதல் 20 வோல்ட் வரை ஏற்கும். யுஎஸ்பி-சி போர்ட் அதற்கு மின்சாரம் தராது, 5.5 × 2.5 மி.மீ. பேரல் பிளக் வேண்டும், 2.1 மி.மீ. பிளக் நுழையாது. 3 செல் லைப்போ பேட்டரியை நேராகக் கொடுக்கலாம் என்று தோன்றும். சார்ஜ் குறைந்த நிலையில் மோட்டார்கள் ஒன்றாகக் கிளம்பினால் 9-க்குக் கீழே சரிந்து போர்டு அணைந்துவிடும். பேட்டரி ஏறினாலும் இறங்கினாலும் 12 வோல்ட்டே தரும் பக்-பூஸ்ட் ஒன்றை நடுவில் வைப்பது பாதுகாப்பு.

இனி போர்டு

ஏப்ரல்டேக் மட்டும் என்றால் பை 5 தாராளம். வழக்கமான நூலகம் சிபியுவில்தான் ஓடுகிறது, ஜிபியுவுக்குக் கொடுக்கும் பணம் வீண். நியூரல் நெட்வொர்க் வேண்டுமென்றால் பை 5-உடன் 13 அல்லது 26 டாப்ஸ் (நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்கு என்ற அளவு) ஹைலோ ஏஐ போர்டு, அல்லது 25 வாட் நிலையில் 67 டாப்ஸ் என்று குறிப்பிடப்படும் ஓரின் நானோ 8 ஜிபி. டாப்ஸ் எண்களை நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். 67 என்பது ஸ்பார்ஸ் கணக்கு, அதாவது மாடலில் பூஜ்ஜியமான எடைகளைத் தவிர்த்துப் பெறும் எண். ஹைலோவுக்கு மாடலை வேறொரு கணினியில் கம்பைல் செய்து கொண்டுவர வேண்டும். ஜெட்சனில் டென்சார்ஆர்டி என்ற என்விடியா மென்பொருள் போர்டிலேயே மாற்றிக்கொள்ளும். மாடலை அடிக்கடி மாற்றுபவர்களுக்கு ஜெட்சனே வசதி, ஒரே மாடலோடு மாதக்கணக்கில் ஓடும் ரோபோவுக்கு ஹைலோ குறைந்த மின்சாரத்தில் முடித்துவிடும். இரண்டு போர்டிலும் ஹெச்.264 என்கோடர் (வீடியோவைச் சுருக்கும் பகுதி) வன்பொருளாக இல்லை. படத்தை வைஃபையில் நேரலையாக அனுப்பும் திட்டம் இருந்தால் அதற்கும் சிபியுவில் இடம் ஒதுக்குங்கள்.

எதைத் தேர்ந்தாலும், சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, மோட்டார்களை முழு வேகத்தில் முன்னும் பின்னுமாக ஐந்து நிமிடம் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். அந்த நேரம் முழுக்க ஒவ்வொரு படமும் வந்த நேரத்தைப் பதிவு செய்யுங்கள். முடிந்ததும் பை 5-இன் த்ராட்டில் நிலையை (மின்னழுத்தக் குறைவையும் வேகக் குறைப்பையும் பதிந்து வைக்கும் எண்ணை) கேளுங்கள். 0 வந்தால் நல்லது. 50000 வந்தால் நடுவில் எப்போதோ மின்னழுத்தம் சரிந்திருக்கிறது, வயரை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.