நீலக் கலர் ஷாக் வாங்கி ஏமாந்தேன்: ஆர்.சி. டிரக் வைத்திருப்பவர்கள் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

ஸ்பிரிங்கைக் கழற்றிக் காட்ட மாட்டேன் என்கிற கடையில் ஷாக் (வண்டியின் குதிப்பை அடக்கும் ஷாக் அப்சார்பர்) வாங்காதீர்கள். இதைப் போன மாதம் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் 3,200 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

என்னிடம் இருப்பது ஆர்.சி., அதாவது ரிமோட்டில் ஓட்டுகிற, நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு எலக்ட்ரிக் மான்ஸ்டர் டிரக். வீட்டில் அதற்குப் பெயர் "அந்தப் பொம்மை". ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு காசிமேடு தாண்டி, கடலரிப்புக்காகக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்களே, அந்தக் கற்களுக்கு நடுவில் சேர்ந்திருக்கும் மணலில் ஓட்டுவேன். இரண்டு வருடம் ஓட்டியதில் வண்டியோடு வந்த பிளாஸ்டிக் ஷாக் நான்கும் ஒழுக ஆரம்பித்துவிட்டன. மணல் துகள் ஷாக்கின் கம்பியான ஷாஃப்டோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போய், ஆயில் ஒழுகாமல் தடுக்கிற ரப்பர் வளையமான ஓ-ரிங்கை அறுத்துவிடும், அவ்வளவுதான் விஷயம். ஓ-ரிங் மாற்றினால் போதும் என்று அப்போதே தெரியும். ஆனாலும் புதிதாக மெட்டலில் போட்டால் கெத்தாக இருக்குமே என்று ஆசை வந்தது. இந்தக் கதையில் என் பங்குத் தப்பு அதுதான்.

வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு கடை. பெயர் வேண்டாம். கண்ணாடிப் பெட்டிக்குள் நீல அலுமினிய ஷாக் நான்கு, பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்த்து வைத்த மாதிரிப் பளபளத்துக்கொண்டு இருந்தன.

"ஃபுல் மெட்டல்ண்ணே. உள்ள ஆயில் ஃபுல்லா இருக்கு, அமுக்கிப் பாருங்க" என்றார் கடைக்காரர்.

அமுக்கினேன். நல்ல கெட்டியாக இருந்தது. ஸ்பிரிங்கைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "கழட்டுனா செட்டிங் போயிடும்ண்ணே" என்றார். ஷாக்கில் ஸ்பிரிங்கைக் கழற்றினால் போகிற செட்டிங் என்று ஒன்று கிடையவே கிடையாது. கீழே இருக்கும் கிண்ணத்தை நகர்த்தினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும், அரை நிமிட வேலை. தெரிந்திருந்தும் தலையாட்டிவிட்டு ஜிபேயில் பணத்தை அனுப்பினேன். பில் கேட்டேன். துண்டுச் சீட்டில் "பார்ட்ஸ் 3200" என்று எழுதிக் கொடுத்தார்.

ஞாயிறு காலை மணலில் இறக்கிய உடனே தெரிந்துவிட்டது. வண்டி பந்து மாதிரித் துள்ளியது. ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் மூன்று தடவை குதித்துவிட்டுத்தான் நிற்கும். அப்படி ஒரு குதியில் பின்சக்கரம் ஒன்று சும்மா தொங்கியது. மோட்டாரின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற டாக்போன் என்கிற சின்னக் கம்பி கழன்று எங்கேயோ மணலுக்குள் போய்விட்டது. பையன் பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டே தேடினான். நம் கடற்கரை மணலில் காந்தத்தை இழுத்தால் முதலில் கறுப்பு மணல்தான் தாடி மாதிரி ஒட்டும். முக்கால் மணி நேரம் கழித்து அந்தத் தாடிக்குள்ளேயே டாக்போனும் வந்தது. "மாமா, பழைய ஷாக்கே நல்லா இருந்துச்சு" என்றான். பதில் பேச வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஷாஃப்டைத் தள்ளினால் சைக்கிள் பம்பில் காற்றுத் தள்ளுகிற மாதிரிச் சட்டென்று உள்ளே போனது. மூடியைத் திறந்தால் இரண்டில் ஆயிலே இல்லை, கொஞ்சம் கிரீஸ் தடவியிருந்தது. மற்ற இரண்டில் பாதிக்கும் குறைவாக ஏதோ தண்ணீர் மாதிரி எண்ணெய். வாசனை தையல் மெஷின் எண்ணெய் மாதிரியே இருந்தது.

புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்பிரிங் வண்டியைத் தூக்கி நிறுத்தும், குதிப்பதை நிறுத்தாது. அதை நிறுத்துவது ஆயில். ஷாஃப்ட் நுனியில் இருக்கும் சின்ன பிஸ்டனில் ஒன்றோ இரண்டோ மூன்றோ ஓட்டை இருக்கும். அந்த ஓட்டை வழியாக ஆயில் நுழைந்து மறுபக்கம் போவதற்கு நேரம் பிடிக்கும். அந்தத் தாமதத்தில்தான் வண்டி அடங்குகிறது. ஆயில் இல்லாத ஷாக் வெறும் ஸ்பிரிங் மாட்டிய கம்பிதான். கடையில் என் விரலுக்குக் கெட்டியாகத் தெரிந்ததும் ஸ்பிரிங்கின் விறைப்புதான். அதிலும் அது இரண்டு கிலோச் சொச்சம் இருக்கிற என் வண்டிக்கு ரொம்ப அதிகம். தரையில் வைத்தால் கொஞ்சம்கூட அமுங்காமல் கட்டில் மாதிரி நின்றது.

டாக்போன் கழன்றதற்குக் காரணம் வேறு. பழைய ஷாக்கை, மேல் ஓட்டையின் நடுவிலிருந்து கீழ் ஓட்டையின் நடு வரை அளந்தால் 100 மி.மீ. புதியது 110. வண்டி அந்தரத்தில் இருக்கும்போது சக்கரம் அளவுக்கு மீறித் தொங்கும், டாக்போன் கப்பிலிருந்து நழுவிவிடும். "எல்லா வண்டிக்கும் செட் ஆகும்ண்ணே" என்று சொன்னாரே, அந்த வார்த்தையைக் கேட்டதுமே ஸ்கேலை எடுத்திருக்க வேண்டும்.

மறுநாள் திருப்பிக் கொண்டுபோனேன். மூடியில் ஸ்பேனர் பட்ட தடத்தைக் காட்டி, "நீங்க பிரிச்சிட்டீங்க, இனிமே எடுக்க மாட்டோம்" என்றார். பிரிக்காமல் உள்ளே ஆயில் இல்லை என்று எப்படி ஐயா தெரியும்? அதற்குப் பதில் இல்லை. பின்னால் நின்ற வாடிக்கையாளரிடம் பேச ஆரம்பித்துவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தேன். முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். துண்டுச் சீட்டையும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்துப் புகார் பதிந்திருக்கிறேன்.

அந்த நீல ஷாக்கில் நல்ல ஆயில் ஊற்றி ஓட்டலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். அதையும் பார்த்தேன். ஒரே வாரத்தில் ஷாஃப்டில் துருப் புள்ளி வந்துவிட்டது. காசிமேட்டு உப்புக் காற்றில் சைக்கிள் செயினே தாங்காது, மட்டமான முலாம் எந்த மூலைக்கு? புள்ளி விழுந்த ஷாஃப்ட், அரம் மாதிரி ஓ-ரிங்கைச் சுரண்டிவிடும்.

கடைசியில் பழைய பிளாஸ்டிக் ஷாக்கையே சரி செய்தேன். ஓ-ரிங் செட், 30 வெயிட் (ஆயிலின் கெட்டித்தன்மை அளவு) சிலிக்கான் ஆயில் ஒரு பாட்டில், எல்லாம் சேர்த்து 700 ரூபாய்கூட ஆகவில்லை. ஆயிலை ஊற்றியதும் மூடிவிடாதீர்கள். ஷாஃப்டை மெதுவாக மேலும் கீழும் ஆட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நிமிர்த்தி வையுங்கள், குமிழி எல்லாம் மேலே வந்துவிடும். ஒரு கம்பெனி 30-ம் இன்னொரு கம்பெனி 30-ம் ஒரே கெட்டியாக இருக்காது, பாட்டிலில் சிஎஸ்டி (cSt, கெட்டித்தன்மையின் அலகு) என்று போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குவது நல்லது. வெயில் காலத்தில் ஆயில் இளகும், அதனால் மே மாதத்துக்கு ஒரு படி கெட்டியானது போடலாம் என்று இருக்கிறேன். முழங்கால் உயரத்திலிருந்து வண்டியைத் தட்டையாகக் கீழே விட்டுப் பார்த்தேன். தொப்பென்று விழுந்து, ஒரு தடவை அமுங்கி எழுந்து, அப்படியே நின்றது.

நேற்று அந்தக் கடை வழியாகப் போனேன். கண்ணாடிப் பெட்டியில் அதே நீல ஷாக் அடுத்த செட் உட்கார்ந்திருக்கிறது. இப்போது 3,500 ரூபாயாம்.