ஃபிளாப்பி டிரைவுக்கு வெளிப்பெட்டி: கும்பகோணம் தகரப் பட்டறைக்கு ஐந்துக்கு நான்கு

பழைய ஐந்தேகால் இஞ்சு ஃபிளாப்பி டிரைவைக் கம்ப்யூட்டருக்கு வெளியே வைத்து ஓட்ட ஒரு பெட்டி தேடுகிறீர்களா? கடை கடையாக அலைய வேண்டாம், பட்டறையில் கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்தில் பாத்திரக் கடைகளுக்குப் பின்பக்கச் சந்தில் டிரங்குப் பெட்டியும் கல்லாப் பெட்டியும் செய்கிற பட்டறை ஒன்றில்தான் நான் செய்துகொண்டேன். பெயின்ட்டோடு சேர்த்து 850 ரூபாய்.

எதற்கு இந்த வேலை என்று கேட்பவர்களுக்கு: எங்கள் மாமா திருவாரூரில் டிடிபி சென்டர் வைத்திருந்தவர். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், 1992 மகாமகத்துக்கு அடித்த துண்டுப் பிரசுரம் என்று அத்தனையும் பரணில் ஃபிளாப்பியாகக் கிடக்கிறது. கடையில் கிடைக்கிற யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் மூன்றரை இஞ்சுக்கு மட்டும்தான். ஐந்தேகாலுக்கு ஒரு நிஜ டிரைவ் வேண்டும் (என்னிடம் இருப்பது டியாக் எஃப்டி-55ஜிஎஃப்ஆர், 1.2 எம்பி), கூடவே கிரீஸ்வீசில் மாதிரி ஒரு போர்டு வேண்டும். அந்த போர்டு ஃபிளாப்பியில் இருக்கிற காந்த மாற்றங்களை அப்படியே படித்து யூஎஸ்பி வழியாக அனுப்பிவிடும். இரண்டையும் மேசைமேல் திறந்தபடி வைத்து ஓட்டலாம்தான், ஆனால் டிரைவின் போர்டு மேல் ஒரு திருகு விழுந்தால் கதை முடிந்தது.

ரெடிமேடாகக் கிடைப்பது சிடி ரைட்டருக்கான வெளிப்பெட்டி. அகலமும் உயரமும் ஃபிளாப்பி டிரைவுக்குச் சரியாகவே இருக்கும், ஏனென்றால் இரண்டும் கம்ப்யூட்டரில் ஒரே அளவுப் பொந்துக்குச் செய்யப்பட்டவை. ஆன்லைனில் நான் வாங்கியதில் முன்பக்கப் பிளாஸ்டிக் டிரைவின் நெம்புகோலைத் திருகவே விடவில்லை, டிரைவையும் போர்டையும் இணைக்கிற 34 கம்பி ரிப்பன் கேபிள் வெளியே வரப் பின்பக்கம் வழியும் இல்லை, திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால் விற்றவர் பதிலே போடவில்லை. அதில் உருப்படியான ஒரே சாமான் கூட வந்த அடாப்டர். அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், எதற்கென்று பிறகு சொல்கிறேன். த்ரீடி பிரிண்டிங்கும் விசாரித்தேன், தகரத்தைவிட விலை கூடுதல். அதில் வழக்கமாகப் போடுகிற பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி பக்கத்தில் இளகிவிடும், சித்திரை வெயிலில் காருக்குள் வைத்தால் கோணிக்கொள்ளும்.

சரி, பட்டறைக்கு வருவோம். டிரைவைக் கையில் கொண்டுபோங்கள், படம் வரைந்து கொண்டுபோக வேண்டாம். நான் மில்லிமீட்டரில் 146, 41 என்று ஆரம்பித்ததும் பட்டறைக்காரர் கேட்டுக்கொள்ளவே இல்லை. டிரைவை வாங்கி டேப்பை வைத்துப் பார்த்து, "அஞ்சேமுக்கா இஞ்சு அகலம், ஒன்றரையும் ஒரு நூலும் உசரம்" என்று தகட்டிலேயே ஆணியால் கீறிவிட்டார். எட்டு நூல் ஒரு இஞ்சு. இந்த டிரைவுகள் அமெரிக்காவில் இஞ்சுக் கணக்கில் பிறந்தவை, 5.75 இஞ்சு, 1.625 இஞ்சு. மில்லியில் எழுதினால் 41.3 என்று பிசிறடிக்கிற அளவு, நம்ம பட்டறைக் கணக்கில் முழுசாக வந்து உட்காருகிறது. எனக்கு இதில் ரொம்ப சந்தோஷம்.

"காரு ஸ்டீரியோவா தம்பி?" என்றார். "இல்லண்ணே, பழைய கம்ப்யூட்டர்ல ஃபிளாப்பி போடுறது" என்றதும் அப்ப தூசி போகக்கூடாது என்று தானாகவே முன்பக்கம் ஒரு கீல் மூடி சேர்த்தார். பழக்கதோஷத்தில் பூட்டுக்கு நாதாங்கி வைக்கட்டுமா என்றும் கேட்டார். வைக்கச் சொன்னேன், அழகாகத்தான் இருக்கிறது. பின்பக்கம் போர்டும் ரிப்பனும் உள்ளேயே அடங்க ஆழத்தை 11 இஞ்சாக வைத்துக்கொண்டோம், வெளியே வருவது யூஎஸ்பி வயரும் பவர் வயரும்தான். அடியில் திருகுக்கு வட்டத் துளை போடாமல் நீளத் துளையாகக் கேளுங்கள், டிரைவின் முகத்தை முன்னே பின்னே நகர்த்தி ஒட்ட வைக்கலாம். திருகு எம்3 (3 மில்லி தடிமன்), குட்டையாக இருக்க வேண்டும், நீளமானது உள்ளே போய் எதையாவது இடிக்கும்.

ஒரு மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம் இரண்டு. வெட்டின ஓரமெல்லாம் பிசிறு. ரிப்பன் கேபிள் உரசினால் அறுந்தே போகும், நான் அரம் வைத்துத் தேய்த்து ரப்பர் பீடிங் ஒட்டினேன். அப்புறம், முகூர்த்த மாதத்தில் கொடுத்தால் சீர்வரிசைப் பெட்டிதான் முதலில் போகும், நம்முடையது "நாளைக்கு" என்றே தள்ளிக்கொண்டிருக்கும்.

மின்சார வேலையை அவரிடம் விடாதீர்கள், அது அவர் வேலையும் அல்ல. இந்த டிரைவுக்கு மோட்டாருக்கு 12 வோல்ட், மற்றதுக்கு 5 வோல்ட், இரண்டும் வேண்டும். யூஎஸ்பியிலிருந்து 12 வராது. அதற்குத்தான் அந்த அடாப்டர்: மஞ்சள் 12, சிவப்பு 5, நடுவில் இரண்டு கறுப்பும் கிரவுண்டு. டிரான்ஸ்ஃபார்மரைப் பெட்டிக்குள் வைக்கிற ஆசை வேண்டாம். கமடோர் கம்பெனியின் பழைய 1541 ஃபிளாப்பி டிரைவில் பவர் சப்ளையை உள்ளேயே வைத்துச் சூட்டில் பெயர் கெட்டது, பின்னால் வந்த 1541-II-இல் வெளியே எடுத்துவிட்டார்கள். தகரப் பெட்டிக்குள் 230 வோல்ட் போகாமல் இருப்பது நமக்கும் நிம்மதி. டிரைவைப் பிடிக்கிற திருகுக்கு அடியில் மட்டும் பெயின்ட்டைச் சுரண்டிவிடுங்கள், உலோகம் உலோகத்தைத் தொட்டால்தான் பெட்டியும் டிரைவின் கிரவுண்டோடு சேரும்.

பெட்டி சரியாக வந்துவிட்டது என்பதற்காக எந்த ஃபிளாப்பியையும் உடனே சொருகாதீர்கள். நம்ம ஊர் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பூத்திருக்கும். ஃபிளாப்பி உறையில் இருக்கிற நீள ஜன்னல் வழியாகத் தெரிகிற கரும்பழுப்புத் தட்டைக் கையால் சுழற்றிப் பார்த்து, வெள்ளைப் புள்ளி இருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்துக் காயவிட்டு அப்புறம் போடுங்கள். இல்லாவிட்டால் டிரைவின் ஹெட் அழுக்காகி அடுத்த ஃபிளாப்பியையும் கீறிவிடும்.

மூன்றரை இஞ்சு டிரைவுக்கும் பெட்டி கேட்டிருக்கிறேன், 500 சொன்னார். அகலம் நாலு இஞ்சு, உயரம் ஒரு இஞ்சு, இதில் நூல் கணக்கே இல்லை. ஆனி முகூர்த்தம் முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்.