விலாங்கு மீன் விருந்து: டோக்கியோ முறையா, ஒசாகா முறையா?

ஜப்பானில் உனாகி எனப்படும் விலாங்கு மீனுக்கென்றே தனி உணவகங்கள் தலைமுறை தலைமுறையாக நடக்கின்றன. ஆனால் டோக்கியோவில் கிடைப்பதும் ஒசாகாவில் கிடைப்பதும் ஒரே சுவை அல்ல. கிழக்கின் கான்டோ முறையில் மீனை முதுகுப் பக்கமாகப் பிளந்து, மூங்கில் குச்சிகளில் கோத்து, எதுவும் தடவாமல் கரியடுப்பில் வாட்டி, ஆவியில் வேகவைத்து, அதன் பிறகே சோயா சாஸும் மிரின் எனப்படும் இனிப்பு அரிசி மதுவும் சேர்ந்த தாரே என்னும் இனிப்புச் சாற்றில் தோய்த்து மீண்டும் சுடுகிறார்கள். மேற்கின் கான்சாய் முறையில் வயிற்றுப் பக்கம் பிளந்து, உலோகக் கம்பிகளில் கோத்து, ஆவியில் வைக்காமல் நெருப்பிலேயே முழுவதும் வேகவிடுகிறார்கள். சாமுராய்கள் நிறைந்திருந்த எடோவில், அதாவது பழைய டோக்கியோவில், வயிற்றைக் கிழிப்பது அபசகுனமாகக் கருதப்பட்டது என்று முதுகுப் பிளப்புக்குக் காரணம் சொல்வதுண்டு. அது எப்படியிருந்தாலும், சுவையைப் பிரிப்பது கத்தி அல்ல, ஆவிதான்.

ஆவியில் கொழுப்பின் ஒரு பகுதி வடிந்துவிடுவதால், டோக்கியோவின் மீன் சாப்ஸ்டிக் பட்டதுமே தோலோடு பிரிந்து, சாறு ஊறிய சோற்றுடன் சேர்ந்து வாய்க்கு வருகிறது. ஒசாகாவில் அந்தக் கொழுப்பு தோலிலேயே பொரிகிறது. மேற்புறம் மொறுமொறுப்பாகி, அடுப்பில் சொட்டிய மீன் கொழுப்பின் புகை சதையில் ஏறி, மென்று தின்ன வேண்டிய உணவாகிறது. மீனின் சொந்த ருசி வேண்டுவோருக்கு ஒசாகாவே சரி. ஆனாலும் என் தேர்வு டோக்கியோதான்: குழைவுக்கும் உதிர்வுக்கும் இடைப்பட்ட அந்த ஒரு நொடியில் மீனை எடுக்கும் கைத்திறன் அங்கே ஒவ்வொரு கவளத்திலும் தெரிகிறது. சமையற்காரரைச் சோதிக்க விரும்பினால், தாரே இல்லாத ஷிராயாகியைக் கேளுங்கள்; வசாபி என்னும் காரமான பச்சை விழுதும் சிறிது சோயா சாஸும் மட்டும் துணையிருக்க, அதில் எந்தக் குறையையும் மறைக்க முடியாது.

நகோயாவின் ஹிட்சுமாபுஷி மூன்றாவது போட்டியாளர். பெரும்பாலும் ஆவியில் வைக்காமல் சுட்ட மீனை நறுக்கி, மரத் தொட்டியில் சோற்றின் மேல் பரப்பித் தருகிறார்கள். முதலில் அப்படியே, பிறகு வெங்காயத்தாளும் வசாபியும் சேர்த்து, அடுத்து தாஷி என்னும் சூடான ஜப்பானிய ரசம் போன்ற சாறு ஊற்றி, கடைசியில் பிடித்த முறையில் மீண்டும் ஒருமுறை உண்பது வழக்கம். 1873-இல் தொடங்கிய அட்சுடா ஹோராய்கென் உணவகம் இதற்குப் பெயர்பெற்றது. குடும்பத்தோடு போக இதுவே உகந்தது. ஆனால், சாறு ஊற்றியதும் மொறுமொறுப்பு போய்விடுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

எந்த ஊரானாலும், நல்ல கடையில் கேட்ட பிறகே மீனை அறுப்பதால் அரை மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருக்க நேரும். அதைத் தாமதம் என்று எண்ண வேண்டாம். பேரங்காடியில் பொட்டலமாகக் கிடைப்பது மலிவுதான், ஆனால் அதோடு இதை ஒப்பிடவே முடியாது. மேலும், ஜப்பானிய விலாங்கு 2014-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அருகிவரும் இனமாகச் சேர்க்கப்பட்டது. பண்ணை மீன்கூட ஏறக்குறைய முழுவதும் இயற்கையில் பிடித்த குஞ்சுகளிலிருந்தே வளர்கிறது. அதனால் அடிக்கடி மலிவாக உண்பதைவிட, அரிதாக நன்றாக உண்பதையே பரிந்துரைக்கிறேன். பட்டியலில் மாட்சு, டாகே, உமே என்று மேலிருந்து கீழாக மூன்று விலை இருந்தால், பல கடைகளில் வேறுபடுவது மீனின் அளவே தவிரத் தரம் அல்ல. ஈரல் போட்ட கிமோசுய் சூப்போடு உமேயே ஒருவருக்குத் தாராளம்.