தீட்டுக்கல்லைச் சமப்படுத்தும் கல் வாங்கப் போகிறவர்கள் ஒரு ரூலரையும் கொண்டுபோங்கள்

தச்சுவேலை செய்கிறவர்களுக்கும், இன்னும் மடக்குச் சவரக்கத்தி பாவிக்கிற ஒன்றிரண்டு பேருக்கும் இதை எழுதுகிறேன். கிளிநொச்சியில் ஒரு கருவிக் கடையில் 6,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் பேச்சு கல்லை விட்டுவிட்டுக் கடைக்காரரைச் சுற்றத் தொடங்கிவிடும். இந்தக் கல் வேறு கடைகளிலும் இருக்கும்.

என்னிடம் ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000 என்று இருக்கிற தண்ணீர்க் கல் (தண்ணீர் விட்டுத் தீட்டுகிற கல்) ஒன்று உண்டு. இலக்கம் கூடக் கூட, அரிக்கிற மணிகள் பொடியாக இருக்கும். உளி, சீவுளி அலகு, அப்பாவின் சவரக்கத்தி எல்லாம் அதில்தான் தீட்டுவேன். தண்ணீர்க் கல் மென்மையானது. மேலே தேய்ந்த மணிகள் கழன்றுபோய்ப் புது மணி வெளியே வருவதால்தான் இரும்பை அவ்வளவு வேகமாக அரிக்கிறது. குழி விழுவதும் அதனால்தான். எவ்வளவு கவனமாக இருந்தாலும் கை நடுவிலேயே தேய்க்கும். நடு பள்ளமாகி ஓரங்கள் மேடாக நிற்கும். முதிரை, பாலை போன்ற கடும் மரங்களில் வேலை செய்கிற எங்கள் பக்கத்தில் உளி ஒரு நாளைக்கு நாலு தரம் கல்லுக்கு வந்துவிடும். ஆறு மாதத்தில் குழி கண்ணுக்கே தெரிந்தது.

கடையில் விசாரித்தபோது, சாய்வாக வரிகள் வெட்டிய ஒரு கறுப்புக் கல்லை எடுத்துத் தந்தார்கள். தீட்டுக்கல்லின் குழியை எடுப்பதற்கென்றே செய்த கல் அது. நான் யோசிப்பதைக் கண்ட கடைப் பொடியன் என் கல்லை வாங்கிப் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டான். தண்ணீர் தெளித்து இரண்டையும் கொஞ்ச நேரம் தேய்த்தான். கோடெல்லாம் அழிந்துவிட்டது. பிறகு மேல் கல்லைத் தூக்கினான், கீழ்க் கல்லும் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது.

“பாருங்கோ அண்ணை, காத்துப் போகவும் இடமில்லை. இதைவிட மட்டம் எங்க இருக்கு?”

எனக்கும் சரியாகத்தான் பட்டது. காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த இரண்டு கிழமையும் வட்டக்கச்சியில் ஒரு வீட்டு வேலை, முதிரையில் நிலையும் கதவும். கழுந்தை, அதாவது துளைக்குள் இறங்குகிற மரமுனையை, உளியால் சீவிச் சரிபார்க்கும்போது உளி மரத்தில் படிய மறுத்தது. முதுகுப் பக்கம் மட்டமாக இருந்தால் உளி மரத்தோடு படுத்துக்கொண்டு போகும். இது சும்மா வழுக்கியது. சீவுளி பலகையின் நடுவில் மட்டும் சுருள் எடுத்தது, போன இடமெல்லாம் மெல்லிய வாய்க்கால். நான் மரத்தைத் திட்டினேன், பிறகு இரும்பைத் திட்டினேன். கல்லில் மட்டும் சந்தேகமே வரவில்லை, அதைத்தான் நேற்றுச் சமப்படுத்தினேனே!

சவரக்கத்திதான் கடைசியில் காட்டிக்கொடுத்தது. அந்தக் கத்தியைத் தீட்டும்போது தடித்த முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் கிடக்க வேண்டும். சாய்வை முதுகுதான் பிடித்துத் தருகிறது. கல் குழிந்திருந்தால் கத்தி இரு ஓரத்துக்கும் பாலம் போட்டது போல நிற்கும். என் கத்தியில் நுனியும் அடியும் அளவுக்கு மேல் தேய்ந்து, நடுவாயில் கூர் ஏறவேயில்லை. 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியபோதும் அம்மா துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்த கத்தி அது. அன்று தாடையில் மூன்று வெட்டு.

வவுனியாவில் லேத்தில் இரும்பு கடைகிற மச்சான் பொங்கலுக்கு வந்திருந்தான். பையிலிருந்து இரும்பு ரூலரை எடுத்து, அதன் விளிம்பைப் புதுக் கல்லின்மேல் நிறுத்தினான். ரூலர் ஊஞ்சல் மாதிரி ஆடியது. ஒரு முனையை அமத்தினால் மறுமுனையில் கொப்பிக் கடதாசி தாராளமாக உள்ளே போனது. சமப்படுத்தும் கல்லே நடுவில் புடைத்திருந்தது. என் கல்லில் வைத்தால் நேர்மாறு: ரூலர் ஆடவில்லை, ஆனால் போன் லைற்றைப் பின்னால் பிடித்தபோது நடுவில் வெளிச்சம் கசிந்தது.

அவன் சொன்ன பிறகுதான் கடையில் நடந்தது விளங்கியது. இரண்டு கல்லைத் தேய்த்தால் அவை ஒன்றுக்கொன்று பொருந்தும். பொருந்துவது வேறு, மட்டம் வேறு. உருண்டையும் கிண்ணமும்கூடப் பொருந்தத்தான் செய்யும். புடைப்பு என் கல்லின் குழிக்குள் இறங்கித் தேய்த்ததால்தான் கோடெல்லாம் அழிந்தது, அதே பொருத்தத்தால்தான் இரண்டும் ஒட்டியது. மட்டம் வேண்டுமென்றால் மூன்று வேண்டும். முதலாவதை இரண்டாவதோடு, இரண்டாவதை மூன்றாவதோடு, மூன்றாவதை முதலாவதோடு என்று மாறி மாறித் தேய்த்துக்கொண்டு போனால், மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த ஒரே வழி, மூன்றும் மட்டமாவதுதான். ஜோசப் விட்வர்த் என்ற இங்கிலாந்துப் பொறியியலாளர் 1840இல் இரும்புத் தட்டுகளை மட்டமாக்குவது பற்றிக் கட்டுரையே எழுதி வாசித்திருக்கிறாராம். லேத் பட்டறையில் இதெல்லாம் பால பாடம் என்று மச்சான் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்லையும் ரூலரையும் கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி ரூலரைப் பார்க்கவேயில்லை. “பாவிச்ச சாமான் திருப்பி எடுக்கமாட்டம்” என்றார். பாவித்தால்தானே தெரியும் என்றேன். சரி, புதுப் பெட்டி ஒன்றையாவது திறந்து காட்டுங்கள் என்று கேட்டேன். திறந்தார். அதிலும் ரூலர் ஆடியது, என்னுடையதைவிடக் கொஞ்சம் குறைவு. இன்னொன்றைக் கேட்டபோது கடை பூட்டுகிற நேரம் என்றார். மணி மூன்றரை.

இப்போது செய்வது இதுதான். யன்னல் கண்ணாடி வெட்டுகிற கடையில் மிஞ்சிய 10 மில்லிமீற்றர் கண்ணாடித் துண்டு ஒன்று வாங்கினேன். இந்தக் கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்கிறார்கள், எங்கள் வேலைக்கு அந்த மட்டம் தாராளம். மெல்லிய கண்ணாடி வேண்டாம், மேசை சரியில்லையென்றால் வளைந்துவிடும். வாகனத்துக்குப் பெயின்ற் அடிக்கிறவர்கள் தண்ணீர் போட்டுத் தேய்க்கிற கறுப்புச் சாண்ட் பேப்பரை நனைத்து அதில் விரித்தால் ஒட்டிக்கொள்ளும். 1000 பக்கத்துக்கு 220, 6000 பக்கத்துக்கு 400. பென்சில் கோடு போட்டு, கல்லை அடிக்கடி தலைமாற்றிப் பிடித்துக் கோடு அழியும்வரை தேய்க்கிறேன். முடிந்ததும் நன்றாகக் கழுவ வேண்டும். பேப்பரிலிருந்து கழன்ற ஒரு மணி 6000இல் சிக்கினாலும் சவரக்கத்தி வாயில் கீறல் விழும். முதல்தரம் குழி எடுக்க ஒரு மணித்தியாலம் போனது. இப்போது கிழமைக்கு ஒருமுறை, ஐந்து நிமிடம்.

அந்தக் கறுப்புக் கல்லையும் இப்படியே மட்டமாக்கலாம் என்று பார்த்தேன். நாலு பேப்பர் வழுவழுப்பானதுதான் மிச்சம், புடைப்பு அப்படியே இருக்கிறது.

இந்த வகைக் கல்லை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் ரூலரின் விளிம்பை நீளத்துக்கும் குறுக்குக்கும் மூலைக்கு மூலையும் வைத்துப் பாருங்கள். ஆடாமல், வெளிச்சமும் கசியாமல் இருந்தால் உங்களுக்கு நல்ல கல் கிடைத்திருக்கிறது. ஆடினால் கிணற்றடியில் போட்டுவிடுங்கள். மண்வெட்டி தீட்ட அருமையான கல்.