புலியா, சிறுத்தையா? ஆங்கிலம் வழி மூன்று ஜார்ஜியப் புத்தகங்கள்

முதலில் எடுத்தது கவிஞர் ருஸ்தவேலியின் 'புலித்தோல் போர்த்திய வீரன்'. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஜார்ஜியாவை ஆண்ட தமார் அரசி காலத்துக் காவியம், 1,600 பாடலுக்கு மேல். மார்ஜரி வார்ட்ராப்பின் ஆங்கில உரைநடையில்தான் படித்தேன். ஜார்ஜிய மொழியைத் தானாகவே கற்றுக்கொண்ட பெண்மணி. அச்சில் பார்க்கக் கொடுத்துவைக்காமல் 1909-ல் இறந்துவிட்டார். வெளியிட்டவர் உடன்பிறந்தவர் என்றிருந்தது; தம்பியோ அண்ணனோ என்று தேடிப் பார்த்தேன்: அண்ணன் ஆலிவர்தான் 1912-ல் வெளிக்கொண்டுவந்தார்.

மூலத்தின் யாப்புக்கு ஷைரி என்று பெயர். நான்கு அடி, அடிக்குப் பதினாறு அசை, நான்கும் ஒரே ஓசையில் முடியும். மரபுக்கவிதை எழுதிக் கைபழகியவன் என்பதால் இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். நேரசையில் தொடங்கும் நம் கட்டளைக் கலித்துறைப் பாட்டிலும் ஒற்று (புள்ளி எழுத்து) நீக்கி எண்ணினால் அடிக்குப் பதினாறு எழுத்துதானே! நாம் எதுகையை அடியின் தலையில் வைக்கிறோம், அவர்கள் வாலில் வைக்கிறார்கள். வார்ட்ராப்பிடம் தலையும் இல்லை, வாலும் இல்லை. எண் போட்ட பத்திகள், பழைய பைபிள் நடை. கதை நகர்கிறது, பாட்டு கேட்கவில்லை. புலித்தோல் வீரன் தாரியேல் அழுகிறான், அவன் நண்பன் அவ்தாந்தில் அழுகிறான், நாற்பது பக்கம் கழித்து மறுபடி அழுகிறார்கள். ஓசையோடு கேட்டால் அந்த அழுகை பொறுத்திருக்கும்.

தலைப்பில் வருவது எந்த மிருகம் என்று ஆங்கிலத்தில் ஒரு தீராத வழக்கு. ஒருவர் பேந்தர் என்கிறார், இன்னொருவர் டைகர் என்கிறார். காதலி நெஸ்தான் நினைவாகத் தாரியேல் போர்த்தியிருப்பது அந்தத் தோலைத்தான். நமக்கு இந்தத் தலைவலியே இல்லை. புலித்தோல் என்றால் வேங்கையும் அடங்கும், சிறுத்தையும் அடங்கும்.

நான் வாங்கிய மறுபதிப்பில் அடிக்குறிப்புகள் பாடலுக்கு நடுவே சிதறிக் கிடந்தன. காசு தண்டம்.

அலெக்சாண்டர் கஸ்பெகியின் மலைக்கதைகள் ரெபெக்கா கூல்ட் மொழிபெயர்ப்பில் 2015-ல் வந்தவை. மொத்தம் மூன்றுதான். பிரபு வீட்டுப் பிள்ளை ஆடு மேய்க்கப் போன அனுபவம் ஒன்று, அதுதான் பிடித்தது. செச்சென் மக்கள் ஊரைவிட்டுத் துரத்தப்படும் 'எலிசோ'வில் உணர்ச்சி கொஞ்சம் தூக்கல்.

மூன்றாவது, டொனால்ட் ரேஃபீல்ட் ஆங்கிலப்படுத்திய, கவிஞர் வாழா ப்ஷாவேலாவின் கதைப்பாடல்கள். 1893-ல் எழுதிய 'விருந்தாளியும் வீட்டுக்காரனும்' ஒன்றுக்காகவே வாங்கலாம். ஜோகோலா கிஸ்ட் இனத்தவன், முஸ்லிம். மலையில் சந்தித்த வேட்டைக்காரனை வீட்டுக்கு அழைத்துவருகிறான். வந்தவன் ஸ்வியாதாவுரி, பகை இனத்துக் கெவ்சூர் வீரன். ஊராரில் பலரைக் கொன்றவன். ஜோகோலாவின் உடன்பிறந்தவனைக் கொன்றவனும் அவனே. ஊர் கூடிக் கட்டி இழுக்க வருகிறது. கடலளவு ரத்தக்கடன் இருந்தாலும் இன்றைக்கு இவன் என் விருந்தாளி என்கிறான் ஜோகோலா, தன் ஊர்க்காரன் ஒருவனையே வெட்டுகிறான். அப்படியும் காப்பாற்ற முடியவில்லை. செத்துப்போன ஊர்க்காரனுக்குப் பலியாக அவன் கல்லறைமேல் வைத்து அறுக்கும்போது ஸ்வியாதாவுரி கண்ணில் பயமே இல்லை. ஜோகோலாவின் மனைவி ஆகாஸா ஒளிந்து நின்று பகைவனுக்காக அழுகிறாள். அவள் ஏன் அழுதாள் என்று வாழா விளக்கிக்கொண்டு நிற்கவில்லை; எனக்கு அந்த இடத்தில் புத்தகத்தை மூட வேண்டியிருந்தது. இங்கேயும் ஓசை போய்விட்டதுதான். ஆனால் படிக்கும்போது அது நினைவுக்கே வரவில்லை.

அதனால் வாழாவிலிருந்து தொடங்குங்கள். ருஸ்தவேலிக்கு நான் இன்னொரு மொழிபெயர்ப்பு தேடப்போகிறேன், இந்தமுறை செய்யுளில்.