லேண்ட்மைன் குழாயும் டர்பன் உப்புக்காற்றும்

டர்பன் மெர்பேங்க்கில் இருக்கும் நண்பர் கேட்டார்: கராஜில் எடைப் பயிற்சிக்கு ரேக் வைக்க இடமில்லை, பாரும் எடை பிளேட்டும் இருக்கிறது, லேண்ட்மைன் (பாரின் ஒரு முனையைச் செருகிவிட்டு மறுமுனையைத் தூக்கிப் பயிற்சி செய்ய உதவும், அச்சில் அசையும் குழாய்) மட்டும் வாங்கினால் போதுமா? போதும். ஆனால் கடைக்குப் போகும்போது கையில் ஓர் அளவுகோல் இருக்கட்டும்.

ஒலிம்பிக் பாரின் ஸ்லீவ், அதாவது பிளேட் மாட்டும் தடித்த முனை, 50 மி.மீ. விட்டம். என்னிடம் உள்ள லேண்ட்மைனில் அது நுழையும் குழாயின் உள்விட்டம் 54 மி.மீ. தொல்லையெல்லாம் அந்த 4 மி.மீ. இடைவெளியில்தான். பாரை இறக்கும்போதெல்லாம் இரும்போடு இரும்பு இடிக்கிறது. சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். குழாயின் விளிம்பு ஸ்லீவின் குரோம் பூச்சை வட்டமாகச் சுரண்டிவிடுகிறது; அடியிலுள்ள இரும்பில் கடல் காற்று பட்டதும் துரு பிடிக்கிறது. தைப்பூசம் வரும் ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் வியர்வையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நல்ல விலை கொடுத்து வாங்கிய பாரை இப்படிப் பாழாக்கும் பொருளை விற்கவே கூடாது.

கைவைத்தியம் உண்டு. 2 லிட்டர் பால் பாட்டிலின் பிளாஸ்டிக்கை நீளவாக்கில் வெட்டி, ஸ்லீவைச் சுற்றி இரண்டு மூன்று சுற்று இறுக்கமாகச் சுற்றிக் குழாய்க்குள் செருகுங்கள். ஆட்டம் பெரும்பாலும் நின்றுவிடும். சைக்கிள் டியூப் ரப்பர் வேண்டாம், பார் சுழலாமல் பிடித்துக்கொள்ளும். பயிற்சி முடிந்ததும் பாரை உருவி, ஸ்லீவைத் துடைத்து, கியூ 20 துருத்தடுப்பு ஸ்ப்ரேயை லேசாக அடித்து வையுங்கள். பக்கவாட்டில் சுழற்றும் பயிற்சிகளில் அச்சு போல்ட்டின் நட் கழன்றுகொண்டே வரும். அதை எடுத்துவிட்டு, உள்ளே நைலான் வளையம் உள்ள, எளிதில் கழலாத நைலாக் நட் போடுங்கள். பிளேட் துளையில் செருகும் வகை லேண்ட்மைன் என்றால் கீழே 40 கிலோவாவது அடுக்க வேண்டும், இல்லையேல் அடியோடு நகரும்.

பயிற்சியைப் பற்றிக் குறையே இல்லை. தலைக்கு மேல் நேராகத் தூக்க முடியாத தோளுக்கு பாரின் நுனியைச் சாய்வாக மேலே தள்ளும் இந்த பிரஸ் பெரிய வரம். 2.2 மீட்டர் நீளமுள்ள 20 கிலோ பாரின் நுனியைப் பிடித்தால் கைக்கு வருவது சுமார் 10 கிலோதான். ஸ்லீவின் உள்முனையில் 20 கிலோ பிளேட் ஒன்று போட்டால் மொத்தம் 27 கிலோ அளவு. அதே பிளேட்டோடு, காலருக்கு (ஸ்லீவ் தொடங்கும் இடத்திலுள்ள வளையம்) உள்பக்கம் வி-கைப்பிடி மாட்டி, குனிந்து நின்று நெஞ்சை நோக்கி இழுக்கும் ரோ செய்தால் 35 கிலோவை நெருங்கும், ஏனென்றால் கை அச்சுக்கு அருகே வந்துவிடுகிறது. ஆகவே பிரஸ் எடையையும் ரோ எடையையும் நோட்டில் தனித்தனியாக எழுதுங்கள். ரோவுக்கு 450 மி.மீ. விட்டமுள்ள பெரிய பிளேட் சரிவராது. கை முழுதாக மேலே வருமுன் பிளேட் நெஞ்சில் முட்டும். 10 கிலோ சிறிய இரும்பு பிளேட்டுகளை அடுக்கினால் முழு வீச்சும் கிடைக்கும். முதுகு இவ்வளவு நன்றாக வேலை செய்யும் வேறு கருவி இந்த விலையில் கிடையாது.

இத்தனை சொன்ன பிறகும், வெறும் இரும்புக் குழாய் உள்ள இதை நண்பருக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். உள்ளே பிளாஸ்டிக் உறை பொருத்தியதைத் தேடுங்கள். விலை கட்டுப்படியாகாவிட்டால், இதற்கென்றே ஏற்கெனவே கீறல் விழுந்த பழைய பார் ஒன்றை வாங்கிக்கொண்டு, புதிய பாரைக் குழாய்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.